சில்லுக்குக் கீழே பனங்கட்டை

மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. எங்கள் கல்லூரியின் பழைய ஆய்வுகூட உதவியாளர் நேசன். "சேர், தேவசகாயம் மாஸ்ரர் காலமை கண்ணை மூடிட்டார்" என்றான். நான் முதலில் கேட்டது, கடைசியாக அவர் யாரை ஏசினார் என்பதைத்தான். நேசனுக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கியது. மாஸ்ரரைத் தெரிந்த எவருக்கும் விளங்கும். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த வைத்தியர் அவருடைய பழைய மாணவர். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்போது எப்படி இருக்கிறது என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். "அதைக் கண்டுபிடிக்கத்தானே உம்மை வைச்சிருக்கு. உமக்குப் பௌதிகத்திலை பாஸ் போட்டது என்ரை பிழை" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாராம். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. வைத்தியர் அழுதார் என்று நேசன் சொன்னான். துக்கத்தில் அழுதாரா, அவமானத்தில் அழுதாரா என்று நான் விசாரிக்கவில்லை. கத்தரிக்காயை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

பழைய மாணவர் மலருக்கு ஓர் அஞ்சலி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் எழுத வேண்டும் என்று தொலைபேசியில் ஒருவர் எனக்கு நினைவூட்டவும் செய்தார். தேவசகாயம் மாஸ்ரர் செத்தவர் எவரைப் பற்றியும் நல்லது எழுதியவர் அல்ல. அவர் வழியிலேயே அவரை அனுப்புவது மரியாதை என்று நினைக்கிறேன். வெளியே முள், உள்ளே சுளை என்று பலாப்பழத்தை உதாரணம் காட்டி நீங்கள் பலர் எழுதுவீர்கள் என்பதும் தெரியும். அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்தவன், ஓய்வு பெற்ற பிறகும் வாரம் தவறாமல் அரியாலைக்குச் சைக்கிள் மிதித்துப்போய் அவரைப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உள்ளேயும் முள்தான் இருந்தது.

என்னைத் தெரியாத இளையவர்களுக்காக ஒரு வரி. நான் இணுவில் சிவஞானம், உங்களுக்குச் சித்திரம் படிப்பித்தவன். மாஸ்ரர் எழுதிய 'காங்கேசன்துறைக் குட்டி எஞ்சின்கள்' என்ற புத்தகத்தில் உள்ள படங்கள் எல்லாம் நான் கீறியவை. உங்களில் பலர் அந்தப் புத்தகத்தை வெளியீட்டு விழாவில் வாங்கினீர்கள். வாசித்தவர்கள் குறைவு என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "வாங்கினவை வாசிக்காயினம், வாசிக்கிறவை வாங்காயினம்" என்று அன்றைக்கு மேடையிலேயே சொன்னார்.

வாசிக்காதவர்களுக்கு அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்தேவி, மெயில் கோச்சி என்ற றெயில்களை இழுத்த பெரிய எஞ்சின்களைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. அவர் ஆயுள் முழுவதும் தேடியது, றெயில் நிலைய முற்றமான யாட்டுக்குள் பெட்டிகளைத் தள்ளிக் கோத்து, பிரித்து, மறுபடி கோக்கிற சின்ன நீராவி எஞ்சின்களின் வரலாற்றை. சண்டிங் எஞ்சின் என்பார்கள். ஆறு சில்லு, இரண்டு விலாவிலும் தண்ணீர்த் தொட்டி, குட்டையான புகைபோக்கி. நிலக்கரிக்குத் தனிப்பெட்டி கிடையாது, முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை மட்டும். கப்பலில் வந்து கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே உழைத்து, டீசல் எஞ்சின்கள் வந்ததும் அங்கே வேண்டாமல் போய், வடக்கே அனுப்பப்பட்டவை. காங்கேசன்துறையில் சீமெந்துப் பெட்டிகளையும் உப்புப் பெட்டிகளையும் புகையிலைச் சிப்பங்களையும் தள்ளின. "வடக்குக்கு அனுப்பினது எல்லாம் தேய்ஞ்சதுதான். தேய்ஞ்சதை வைச்சே ஓட்டிக் காட்டினம்" என்று மாஸ்ரர் பெருமையாகச் சொல்வார். பிறகு அவற்றையும் வெட்டி இரும்பாக விற்றார்கள். அதற்கும் பிறகு யுத்தம் வந்து தண்டவாளமே பதுங்குகுழிக்குக் கூரையாகப் போனது. இன்றைக்கு ஓர் ஆணிகூட மிச்சமில்லாத அந்த எஞ்சின்களை, ஒவ்வொன்றின் சுபாவத்தோடும் எழுதி வைத்தவர் அவர் ஒருவர்தான். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதே மனிதர் வகுப்பில் மெதுவாகப் படிக்கிற பிள்ளையை எழுப்பி, "நீ சண்டிங் எஞ்சின். யாட்டுக்குள்ளையே நில், மெயின் லைனுக்கு வராதை" என்று சொல்லிவிட்டு உட்காரவைப்பார். உங்களில் எத்தனை பேர் அந்தப் பட்டத்தோடு திரிந்தீர்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. ஒருமுறை ஆசிரியர் அறையில் அவரிடம் கேட்டேன், நீங்கள் உயிரைவிட நேசிக்கிற சாமானை ஏன் பிள்ளைகளுக்கு வசையாகப் பாவிக்கிறீர்கள் என்று. அவர் தேநீரை ஊதிக் குடித்துவிட்டு, "எஞ்சினுக்குச் சண்டிங் எண்டால் பெருமை, மனிசருக்கு எண்டால் குறை. மனிசர் வேறை சாதனம்" என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். பின்னர்தான் தெரிந்தது, அவர் பகிடியே விடுவதில்லை.

யுத்தகால இடம்பெயர்வின்போது நடந்ததைக் கிறேஸ் அக்காதான் எனக்குச் சொன்னார். மாஸ்ரரின் மனைவி. குடாநாடே பெயர்ந்து, மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்து சாவகச்சேரிப் பக்கம் போனது உங்களுக்குத் தெரியும். கட்டாயம் வேண்டியதை மட்டும் சைக்கிளில் கட்டச் சொல்லியிருக்கிறார் அக்கா. மாஸ்ரர் கட்டியது எஞ்சின் படங்கள் இருந்த தகரப் பெட்டியை. அக்காவின் தையல் மெஷின் அரியாலையில் நின்றது. அரிசிப் பானையை அக்கா தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். வழியில் மாஸ்ரர் குடையை யாருக்குப் பிடித்தார் தெரியுமோ என்று அக்கா என்னைக் கேட்டார். எனக்கு விடை தெரிந்திருந்தது. "பெட்டிக்குத் தம்பி, பெட்டிக்கு" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வந்தபோது தையல் மெஷின் இருந்த இடத்தில் இல்லை.

இனிப் பனங்கட்டைக்கு வருகிறேன். அரியாலை வீட்டுக்குப் போனவர்கள் அவருடைய மேசையில் அதைப் பார்த்திருப்பீர்கள். பனை வைரத்தில் செதுக்கிய ஒரு முக்கோணக் கட்டை, ஒரு பக்கம் நசுங்கி, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போனது. தாள்கள் பறக்காமல் வைத்திருப்பார். யாராவது அது என்னவென்று கேட்டால் அவருடைய முகமே மாறிவிடும். பேரப்பிள்ளையின் குறும்பைச் சொல்வதுபோல அந்தக் கதையைச் சொல்வார்.

கதை இதுதான். நீராவியைத் திறந்து விடுகிற வால்வுக்கு றெகுலேற்றர் என்று பெயர். காங்கேசன்துறைக்கு வந்த குட்டி எஞ்சின்களில் அது தேய்ந்திருந்தது. இறுக்கி மூடி வைத்தாலும் நீராவி கசியும். கசிந்தது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஆளில்லாமல் நிற்கிற எஞ்சினைத் தள்ளும். பிறேக்கும் தேய்ந்ததுதான். ஆகவே எஞ்சின் தானாக ஊரத் தொடங்கும். விசில் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. "நாய்க்குட்டி மாதிரிக் கண்டீரோ. இரு எண்டால் இராது. நீர் திரும்பிப் பாக்காட்டில் பின்னாலை மெல்ல மெல்ல வந்து நிக்கும்" என்பார். அதனால் அந்த யாட்டில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சினை நிறுத்தியதும் சில்லுக்குக் கீழே ஒரு பனங்கட்டை வைப்பது. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத வழக்கம். மல்லாகத்தில் இருந்த, எஞ்சினுக்குக் கரி போட்ட பழைய பயர்மன் ஒருவர் அந்தக் கட்டையை அவரிடம் கொடுத்திருந்தார்.

புத்தகத்துக்குப் படம் கீறியபோது எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துத்தான் கீறினேன். அதில் முன் சில்லுக்குக் கீழே கட்டை தெளிவாகத் தெரிந்தது. இருந்ததை இருந்தபடி கீறிக் கொடுத்தேன். அச்சாகி வந்த புத்தகத்தில் கட்டை இல்லை. மாஸ்ரர் வெள்ளை மை வாங்கி, தன் கையாலேயே அதன்மேல் பூசிவிட்டு அச்சகத்துக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் படத்தில் கை வைக்க நீங்கள் யார் என்று கேட்டேன். "பொம்பிளை பாக்க அனுப்புற படத்திலை அம்மைத் தழும்பைக் கீறுவீரோ சிவஞானம்?" என்றார். ஒரு கிழவனுக்குத் தன் எஞ்சின்மேல் உள்ள மோகம் என்று எண்ணி விட்டுவிட்டேன்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பந்தி இருக்கிறது. "இவ்வகை எஞ்சின்கள் காங்கேசன்துறையில் பணிசெய்த காலம் முழுவதிலும் ஒரேயொரு மரணமே நிகழ்ந்தது. அது மதுபோதையில் இருந்த பொயின்ற்ஸ்மன் கந்தையா என்பவரின் கவனயீனத்தால் நேர்ந்ததாகும். எஞ்சினில் எவ்விதப் பழுதும் காணப்படவில்லை." தண்டவாளத்தை மாற்றி விடுவதும் பெட்டிகளைக் கொழுவுவதும் கழற்றுவதும் பொயின்ற்ஸ்மனின் வேலை. நின்றுகொண்டிருந்த எஞ்சினுக்கும் ஒரு சீமெந்துப் பெட்டிக்கும் நடுவில் கந்தையா குனிந்து கொழுவிக்கொண்டிருந்தபோது இரண்டுக்கும் இடையில் நெரிந்து செத்தார். மாஸ்ரர் எழுதியதில் இந்த விபரம் இல்லை. இதை எனக்குச் சொன்னது கந்தையாவின் மகள் இராசமலர்.

இரண்டாம் பதிப்பு வரப்போகிறது என்று பத்திரிகையில் பார்த்துவிட்டு, அந்த அம்மா சாவகச்சேரியிலிருந்து பஸ் ஏறி அரியாலைக்கு வந்தார். எனக்கு ஐந்தாறு வயது இளையவராக இருக்கும். வெளுத்த சேலை, ஒரு துணிப்பை, கையில் ஒரு பாத்திரம் நிறையப் பலாச்சுளை. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். தான் யார் என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை மேசையில் வைத்தார். மாஸ்ரர் மூடியைத் திறந்து பார்த்து ஒரு சுளையை எடுத்துக்கொண்டு, "சொல்லும் பிள்ளை" என்றார்.

"மாஸ்ரர், எங்கடை ஐயா குடிக்கிறவர்தான். நான் இல்லையெண்டு சொல்ல வரேல்லை. அண்டைக்குக் குடிச்சவரோ எண்டு எனக்குத் தெரியாது, நான் அப்ப சின்னப்பிள்ளை. ஆனா எஞ்சின் தானா வந்தது எண்டு அம்மா சாகுமட்டும் சொன்னவ."

அவர் கேட்டது மிகச் சிறிய விஷயம். ஊரில் அவர் பிறந்ததிலிருந்து குடிகாரன் வெறிக்கந்தையனின் மகள். கலியாணம் பேசி வந்தவர்கள் அதைச் சொல்லித் திரும்பிப் போயிருக்கிறார்கள். அதையெல்லாம் தாங்கியாயிற்று, இப்போது பேரன் படிக்கிற பள்ளிக்கூட நூலகத்தில் இந்தப் புத்தகம் இருக்கிறது. அவன் வாசித்துவிட்டு வந்து, பூட்டனார் வெறியிலா செத்தவர் என்று கேட்டிருக்கிறான். வாயால் சொன்னது ஒருநாள் மறந்துபோகும், அச்சில் வந்தது மறக்காது என்று அவர் பயந்தார். தகப்பனைப் புகழ்ந்து எழுதச் சொல்லவில்லை. போதை என்றதையும் கவனயீனம் என்றதையும் எடுத்துவிட்டால் போதும். "செத்தவர் எண்டு மட்டும் போடுங்கோ மாஸ்ரர். அது காணும்" என்றார்.

மாஸ்ரர் கொட்டையைத் துப்பிவிட்டு, விசாரணை அறிக்கையில் உள்ளதைத்தான் தான் எழுதியதாகச் சொன்னார். வரலாறு எழுதுகிறவன் கண்ணீருக்கு இடம் விடக்கூடாது என்றார். அந்த அறிக்கையை எழுதியவர்கள் எஞ்சினுக்குப் பொறுப்பானவர்கள், செத்தவன் வந்து சாட்சி சொல்ல முடியாது என்று நான் இடையில் புகுந்து சொன்னேன். நீர் படத்தைப் பாரும், எழுத்தை நான் பார்க்கிறேன் என்று என்னை அடக்கினார். அடுத்த சுளையை எடுத்தார்.

 இராசமலர் பாத்திரத்தை மாஸ்ரருக்குக் கிட்டவாக நகர்த்தி வைப்பதற்காக மேசையில் இருந்த பனங்கட்டையைக் கையில் எடுத்தார். இது என்ன என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்டதுதான், ஒன்றும் தெரியாமல்.

நான் மாஸ்ரரைப் பார்த்தேன். இப்போதாவது வாயை மூடுவார் என்று நினைத்தேன். நான் அவரோடு அத்தனை வருடம் பழகியும் அவரை அறியவில்லை. அவருடைய முகம் மலர்ந்தது. றெகுலேற்றரில் தொடங்கினார். கசிவு, தேய்ந்த பிறேக், நாய்க்குட்டி, பின்னால் மெல்ல வந்து நிற்பது, எல்லாவற்றையும் கையால் காட்டிக் காட்டி, அந்த எஞ்சின் நசுக்கிக் கொன்ற மனிதனின் மகளுக்குச் சொன்னார். ஒரு வரியையும் விடவில்லை. அவர் வேண்டுமென்று செய்தாரா என்று என்னிடம் பலர் பின்னர் கேட்டார்கள். இல்லை. அவருக்கு எதிரில் இருந்தது கதை கேட்கிற ஓர் ஆள், அவ்வளவுதான்.

கதை முடிந்தபோது இராசமலர் கட்டையை மடியில் வைத்திருந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அப்ப அண்டைக்கு ஏன் மாஸ்ரர் கட்டை வைக்கேல்லை?"

"கட்டை வைக்கிறது பொயின்ற்ஸ்மன்ரை வேலை, பிள்ளை" என்றார் மாஸ்ரர். சொல்லிவிட்டு, கையில் பிசின் ஒட்டுகிறது என்று எழுந்து எண்ணெய் பூசப் போனார்.

அவர் குசினியில் இருந்தபோது இராசமலர் துணிப்பையைத் திறந்து, பனங்கட்டையை உள்ளே வைத்து, மேலே குடையை வைத்து மூடினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, அதற்காக இன்றுவரை ஒரு சொட்டு வருத்தமும் இல்லை. அவர் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

அவர் போன பிறகு நானும் மாஸ்ரரும் கடுமையாகப் பேசிக்கொண்டோம். கந்தையா அன்றைக்குக் கட்டை வைக்க மறந்திருக்கலாம், குடித்தும் இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன் என்றேன். ஒருநாள் ஒரு மனிதன் ஒரு மரக்கட்டையை மறந்தால் அவனைக் கொல்லக்கூடிய எஞ்சினைப் பழுதில்லாத எஞ்சின் என்று எப்படி எழுதலாம் என்று கேட்டேன். அவர் வெகு அமைதியாகப் பதில் சொன்னார். "மனிசர் தேய்ஞ்சால் ஆரையாவது குற்றம் சொல்லுவினம் சிவஞானம். இரும்பு பேசாமல் தேயும். பேசாததுக்காக நான்தான் பேசவேணும்." வெளியே கொழும்புக் கோச்சி அரியாலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. டீசல் எஞ்சின் என்பதால் அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

இதை வாசிக்கிற உங்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கும். அன்றைக்கு எஞ்சினை ஓட்டியவர் மாஸ்ரரின் தகப்பனா, தமையனா, அவர்களைக் காப்பாற்றத்தான் இப்படி எழுதினாரா என்று யோசிப்பீர்கள். நானும் யோசித்து விசாரித்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அவருடைய குடும்பத்தில் தேவாலயத்துக்குப் போனவர்களும் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்களும்தான் உண்டு, றெயில்வேக்குப் போனவர் ஒருவரும் இல்லை. கந்தையாவோடு அவருக்குப் பகையும் இல்லை. அவருக்கு எஞ்சின்களைப் பிடிக்கும், மனிதரைப் பிடிக்காது. இவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்கு அவரை மன்னிக்க வசதியாக இருந்திருக்கும்.

கட்டை காணாமல் போனது அவருக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது. என்னைத்தான் குற்றம் சொன்னார். வெள்ளை மைக்குப் பழி வாங்குகிறீர் என்றார். நான் மறுக்கவில்லை. கள்ளன் என்று என்னைப் பற்றி உங்களில் சிலருக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். இருந்தும் நான் போவதை நிறுத்தவில்லை. ஏன் போனேன் என்று என் மனைவியும் கேட்டாள். அவரைப்போலப் பேச ஊரில் வேறு ஆளில்லை என்பதுதான் உண்மை. கசப்பாக இருந்தாலும் பாவற்காயை விடாமல் தின்கிற ஆட்கள் இல்லையா, அப்படித்தான். நோய் கூடி, சிலவேளை ஆளை மறக்கத் தொடங்கிய பிறகும் மேசையில் அந்த இடத்தைக் கையால் தடவித் தேடுவார். கிறேஸ் அக்கா காலமான பிறகு அக்காவின் நாற்காலியை அவர் அப்படித் தேடியதை நான் காணவில்லை.

செத்தவீட்டுக்கு நல்ல சனம். கனடாவிலிருந்து மகன் வந்திருந்தார். போதகர் ஜெபம் செய்து முடித்ததும் பெட்டியை வெளியே கொண்டுவந்து தேவாலயத்தின் பிரேத வண்டியில் ஏற்றினார்கள். கையால் தள்ளிக்கொண்டு போகிற பழைய நாலுசில்லு வண்டி. பழைய மாணவர்கள்தான் தள்ள நின்றார்கள். கீதம் தொடங்கியது. தள்ளினார்கள், வண்டி அசையவில்லை. மறுபடி பலமாகத் தள்ளினார்கள், பெட்டி ஒருமுறை ஆட்டம் கண்டதே தவிர வண்டி நின்ற இடத்தில் நின்றது. மாஸ்ரர் போகமாட்டன் என்கிறார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். யாரோ சிரித்தும் விட்டார்கள். பிறகு ஒருவர் குனிந்து பார்த்தார்.

முன் சில்லுக்குக் கீழே பனங்கட்டை இருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் இராசமலர் நின்றார். அதே வெளுத்த சேலை, அதே துணிப்பை. ஒளிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. மகன் அவரிடம் வந்து, நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"நான் பொயின்ற்ஸ்மன் கந்தையாவின்ரை மகள். கட்டை வைக்கிறது எங்கடை வேலை எண்டு மாஸ்ரர்தான் சொன்னவர். வைச்சிருக்கிறன்."

கீதம் நின்றுவிட்டது. மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்கிய நான் விளக்கவும் போகவில்லை. போதகர் தலையைக் குனிந்துகொண்டார். இராசமலர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார், வாழ்க்கையில் தன்னை இத்தனை பேர் நிமிர்ந்து பார்ப்பது முதல் தடவை என்பதுபோல. பிறகு தானே குனிந்து, கட்டையை இழுத்து எடுத்து, விலகி நின்றார். இனித் தள்ளலாம் என்று கையால் காட்டினார். வண்டி தானாக ஊரவில்லை. தள்ளித்தான் கொண்டுபோனோம்.

அடக்கம் முடிந்து வெளியே வர, சேமக்காலை வாசலில் இராசமலர் எனக்காகக் காத்து நின்றார். கட்டையை என் கையில் தந்தார். "இது களவெடுத்த சாமான் சேர், எனக்கு இனி வேண்டாம். நீங்கள் கீறுறனீங்கள்தானே" என்றார்.  சாவகச்சேரி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

இரண்டாம் பதிப்பை முடித்துக் கொடுக்கும் பொறுப்பை மகன் என்னிடம் விட்டிருக்கிறார். அப்பாவின் எழுத்தில் ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சம்மதித்தேன். எழுத்து மாஸ்ரருடையது, அது அப்படியே இருக்கும். போதை, கவனயீனம், எவ்விதப் பழுதும் இல்லை, எல்லாம் இருக்கும். படம் என்னுடையது. அந்தப் பந்திக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப் பக்கத்துக்கு ஒரு புதுப் படம் வரும். படத்துக்குக் கீழே, வழக்கம்போல, விளக்கத்தை நானே எழுதியிருக்கிறேன்: 'காங்கேசன்துறைக் குட்டி எஞ்சின். தானாக ஊரும். கந்தையாவை நெரித்தது இது.'

மாஸ்ரரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய நாக்கில் கொஞ்சம், இதை வாசித்தபோதே கண்டிருப்பீர்கள். மற்றது இந்தப் பனங்கட்டை. இதை எழுதும் தாளின்மேல்தான் இருக்கிறது. இதைப் பார்த்துத்தான் படத்தைக் கீறி முடித்தேன். முன் சில்லுக்குக் கீழே, நசுங்கிய பக்கமும் தெரியும்படி, கறுப்பு மையால் அழுத்திக் கீறியிருக்கிறேன். வெள்ளை மை பூச இனி ஆளில்லை.